சிவப்பு பெரில்: ஆறிக்கொண்டிருந்த லாவாவுக்குள் பிறந்த கல்

கேள்வி சுருக்கமாக இது: ‘சிவப்பு மரகதம்’ என்ற பெயரில் ஒரு கல் விற்பனைக்கு வருகிறது, எரிமலையில் உண்டாவது, அமெரிக்காவில் ஒரே மலையில்தான் கிடைப்பது என்கிறார்கள். இது உண்மையா, அப்படி என்ன அபூர்வம், மாணிக்கத்திலிருந்தும் ஆய்வகத்தில் செய்த கல்லிலிருந்தும் இதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

பெரும்பாலும் உண்மைதான். பெயரை மட்டும் முதலில் சரிசெய்துகொள்வோம். இந்தக் கல் சிவப்பு பெரில். பெரில் என்பது ஒரே கனிமம். அதில் கொஞ்சமாகக் கலந்திருக்கும் வேற்று உலோகத்தைப் பொறுத்து நிறம் மாறும், நிறத்தைப் பொறுத்து சந்தைப் பெயர் மாறும். குரோமியமோ வனேடியமோ சேர்ந்து பச்சையானால் மரகதம், இரும்பு சேர்ந்து நீலமானால் அக்வாமரைன், மாங்கனீசு சேர்ந்து இளஞ்சிவப்பானால் மார்கனைட். மரகதம் என்றாலே பச்சை பெரில்தான் என்பதால், ‘சிவப்பு மரகதம்’ விற்பனைக்காக ஒட்டவைத்த பெயர். பழைய புத்தகங்களில் ‘பிக்ஸ்பைட்’ என்று பார்க்கலாம். இந்தக் கல் முதலில் கிடைத்த மலையிலேயே ‘பிக்ஸ்பயைட்’ என்ற கறுப்பு மாங்கனீசு ஆக்சைடும் கிடைக்கிறது, இரண்டுமே ஒரே மனிதரின் பெயரால் வந்தவை. அந்தக் குழப்பத்தில்தான் முதல் பெயரைக் கைவிட்டார்கள்.

‘எரிமலைக் கல்’ என்ற சொல்லையும் அப்படியே விட முடியாது. வைரம் எரிமலைக் குழாய்களில் கிடைக்கிறது. பெரிடாட்டும் பல நாடுகளின் நீலக்கல்லும் பசால்ட் லாவாவோடு மேலே வருகின்றன. ஆனால் இவை எரிமலையில் உருவானவை அல்ல. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், வைரமாக இருந்தால் 150 கிலோமீட்டருக்கும் கீழே, முன்பே உருவாகிக் கிடந்தவற்றை மாக்மா, அதாவது உருகிய பாறைக்குழம்பு, வழியில் அள்ளிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் ஏறி வந்த பயணிகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு பெரில் அப்படி இல்லை. லாவா தரைக்கு வந்து, ஓடி நின்று, பாறையாக இறுகிய பிறகு, அந்தப் பாறைக்குள்ளேயே வளர்ந்தது. ரத்தினக் கற்களில் இப்படி உண்டாவது மிகக் குறைவு. பெரில் குடும்பத்திலேயே மற்றவை எல்லாம் வேறு வழியில் வந்தவை: அக்வாமரைனும் மார்கனைட்டும் ஆழத்தில் மெதுவாகக் குளிர்ந்த பெக்மடைட் பாறைகளில், கொலம்பியா மரகதம் கறுப்புக் களிப்பாறையில் ஊடுருவிய சூடான உப்புநீரில்.

இந்தப் பிறப்பைப் புரிந்துகொண்டால் கல்லின் மற்ற குணங்கள் எல்லாம் தானாகப் பிடிபடும். ஏன் சிவப்பு, ஏன் சிறிசு, ஏன் விரிசல், செயற்கைக் கல் எதில் மாட்டிக்கொள்கிறது என்பதற்கெல்லாம் பதில் அந்தப் பாறையில்தான் இருக்கிறது. அதனால் அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கண்டுபிடித்த கதை. 1904-இல் மேனார்ட் பிக்ஸ்பி என்ற கனிமத் தேட்டக்காரர், யூட்டா மாநிலத்தின் மேற்கில் தாமஸ் மலைத்தொடரில் சிறுசிறு சிவப்புப் படிகங்களைக் கண்டார். அறுகோண வடிவம், ராஸ்பெர்ரிச் சிவப்பு. பெரிலாக இருக்குமோ என்று சந்தேகம், ஆனால் அப்படி ஒரு நிறத்தில் பெரிலை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அமெரிக்க வேதியியலாளர் ஹில்லிபிராண்டு பகுத்துப் பார்த்து, பெரில்தான் என்று 1905-இல் எழுதினார். 1912-இல் ஆல்ஃப்ரட் எப்லர் அதற்குப் பிக்ஸ்பியின் பெயரை வைத்தார். ஆனால் தாமஸ் மலைப் படிகங்கள் தட்டையானவை, சில மில்லிமீட்டர் அளவுதான். பட்டை தீட்ட ஒன்றும் தேறாது. கனிமம் சேகரிப்பவர்களின் பெட்டியோடு கதை நின்றுவிட்டது.

ரத்தினமாக இது மாறியது 1958-க்குப் பிறகுதான். அணுசக்திக் காலம், யூட்டாவில் யுரேனியம் தேடி ஆளாளுக்கு மலையேறிக்கொண்டிருந்தார்கள். அப்படி லமார் ஹாட்ஜஸ் என்பவர் பீவர் மாவட்டத்தின் வா வா மலைத்தொடரில் அலைந்தபோது இந்தச் சிவப்புப் படிகங்கள் கண்ணில் பட்டன. இவை தட்டையாக இல்லை. நீண்ட அறுகோணத் தூண்களாக, சில இடங்களில் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியும் இருந்தன. ரூபி வயலட் என்ற பெயரில் பின்னர் அறியப்பட்ட சுரங்கம் அங்கேதான். இன்று உலகத்தில் பட்டை தீட்டிய இயற்கைச் சிவப்பு பெரில் என்று எது இருந்தாலும், அது ஏறக்குறைய அந்த ஒரே இடத்துச் சரக்கு. நியூ மெக்சிகோவின் பிளாக் ரேஞ்ச் மலையிலும் இந்தக் கனிமம் உண்டு. ஆனால் பட்டை தீட்டும் தரமில்லை. ஆகவே ‘ஒரே மலையில் கிடைப்பது’ என்ற பேச்சு கனிமத்துக்குப் பொருந்தாது, நகையில் வைக்கும் கல்லுக்குப் பொருந்தும்.

சரி, ஏன் அங்கே மட்டும்?

பெரிலுக்கு வேண்டியவை பெரிலியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன். இவற்றில் மூன்று எங்கும் கொட்டிக் கிடக்கின்றன. பெரிலியம்தான் தட்டுப்பாடு, பூமியின் மேலோட்டில் பத்து லட்சத்தில் இரண்டு மூன்று பங்குதான் இருக்கிறது. அந்த அளவில் சிதறிக் கிடந்தால் பெரில் உருவாகாது. எதாவது ஒன்று அதைச் சேர்த்துக் குவிக்க வேண்டும்.

யூட்டாவில் அந்த வேலையைச் செய்தது ரையோலைட் என்ற வகை மாக்மா. சிலிக்கா மிகுந்தது, பிசுபிசுப்பானது. அது ஆழத்தில் மெதுவாகக் குளிரும்போது முதலில் ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற சாதாரணப் பாறைக் கனிமங்கள் படிகமாகும். பெரிலியம் மிகச் சிறிய அயனி. அந்தப் படிகங்களின் கட்டமைப்பில் அதற்கு இடமில்லை. அதனால் மிச்சமிருக்கும் உருகலிலேயே தங்கிவிடும். இன்னும் படிகமாக ஆக, மிச்ச உருகலில் பெரிலியத்தின் விகிதம் ஏறிக்கொண்டே போகும். லித்தியம், ருபிடியம், வெள்ளீயம், ஃபுளூரின் எல்லாமே இப்படி ஒதுக்கப்பட்டுக் கடைசியில் ஒரே இடத்தில் சேருபவை.

அந்தப் பட்டியலில் ஃபுளூரின்தான் முக்கியம். யூட்டாவின் இந்த ரையோலைட்டுகளில் அது வழக்கத்தைவிட மிகவும் அதிகம். ஃபுளூரின் கூடினால் உருகல் இளகும், குறைந்த வெப்பநிலை வரைக்கும் திரவமாக இருக்கும், ஆக மேலே சொன்ன ஒதுக்கல் வேலை நீண்ட நேரம் நடக்கும். இன்னொன்றும் உண்டு. ஃபுளூரின் பெரிலியத்தைப் பிடித்துக்கொண்டு ஆவியாகவே தூக்கிச் செல்லும். இந்தப் பாறைகளின் இடுக்குகளில் டோபாஸ் படிகங்கள் நிறைய இருப்பதால் புவியியலாளர்கள் இவற்றை ‘டோபாஸ் ரையோலைட்’ என்றே அழைக்கிறார்கள். டோபாஸும் ஃபுளூரின் உள்ள கனிமம்தான். தாமஸ் மலையில் ஒரு சிகரத்துக்கே டோபாஸ் மலை என்று பெயர். அங்கே பாறைக்குள்ளிருந்து எடுக்கும் டோபாஸ் பழுப்பு கலந்த தேன் நிறத்தில் இருக்கும். வெயிலில் கிடந்தால் நிறமெல்லாம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். சிவப்பு பெரிலின் நிறம் அப்படி வெளுப்பதில்லை.

வா வா மலையில் இந்த லாவா ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வெளிவந்தது. தாமஸ் மலையில் இன்னும் பிந்தி, 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அமெரிக்க மேற்கின் நிலப்பலகை இழுபட்டு மெலிந்துகொண்டிருந்த காலம் அது. வெளிவந்த லாவா இறுகியது, இறுகியபோது சுருங்கியது, சுருங்கியபோது வெடித்துப் பிளவுகள் விட்டது. பாறையின் உள்ளே இன்னும் சூடு இருந்தது. படிகங்களில் இடம் கிடைக்காத ஃபுளூரின், பெரிலியத்தையும் கூட்டிக்கொண்டு ஆவியாக அந்தப் பிளவுகள் வழியே நகர்ந்தது. மேலிருந்து நிலத்தடி நீரும் இறங்கி அந்தச் சூட்டில் ஆவியாகிக் கலந்தது. இந்த இடத்தில்தான் வேதிவினை. நீர் ஃபுளூரினைப் பிடித்துக்கொள்ள, பெரிலியம் தனியாக விடப்படுகிறது. பக்கத்திலேயே பாறையின் ஃபெல்ட்ஸ்பார் இருக்கிறது. அதிலிருந்து அலுமினியமும் சிலிக்கானும் கிடைக்கின்றன. பெரில் படிகம் பிளவின் ஓரத்தில், பாறையையே கரைத்து அதன் இடத்தை எடுத்துக்கொண்டு வளர்கிறது. வெப்பநிலை சுமார் 300-லிருந்து 650 டிகிரி செல்சியஸுக்குள் இருந்திருக்கும் என்பது பிரிகாம் யங் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் போன்றோர் ஆராய்ந்து சொன்ன விளக்கம். அப்புறம் இன்னும் ஆறியபோது, அதே பிளவுகளில் நீர் ஓடி ஓரத்துப் பாறையைக் களிமண்ணாக்கியது. இன்றைக்குச் சுரங்கத்தில் அந்த வெளுத்த களிமண் கோடுகளைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள். கல் இருந்தால் அவற்றை ஒட்டித்தான் இருக்கும்.

பெரில் வந்துவிட்டது. சிவப்பு எப்படி வந்தது? மாங்கனீசு. மார்கனைட்டிலும் மாங்கனீசுதானே, அது ஏன் வெறும் இளஞ்சிவப்பு என்று கேட்பீர்கள். வேறுபாடு மாங்கனீசின் நிலையில் இருக்கிறது. ஆழத்தில், பெக்மடைட்டில், மாங்கனீசு இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த நிலையிலேயே இருக்கும். அந்த நிலையில் அது நிறத்தை லேசாகத்தான் தரும். மூன்றாவது எலெக்ட்ரானையும் இழந்தால், பெரிலின் கட்டமைப்பில் அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்து, பச்சை ஒளியை விழுங்கிவிடும். நமக்கு அடர் சிவப்பு தெரியும். அதற்கு ஆக்சிஜன் தாராளமாக உள்ள சூழல் வேண்டும். தரைக்குப் பக்கத்தில் காற்றும் நீரும் எட்டும் பிளவில் அது கிடைத்தது. அதே பாறையில் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடும் பிக்ஸ்பயைட்டும் கிடைப்பது இதற்குச் சாட்சி. இரண்டுமே இரும்பும் மாங்கனீசும் நன்றாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால்தான் உண்டாகும்.

ஆக, பெரிலியம் குவிய வேண்டும். அது பொதுவாக ஆழத்தில் நடப்பது. மாங்கனீசு மூன்றாம் நிலைக்குப் போக வேண்டும். அது தரைக்கு அருகில் நடப்பது. அலுமினியம் பற்றாமல் போய்விடவும் கூடாது, நீர் அளவுக்கு மீறி வந்துவிடவும் கூடாது. நீர் மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. தாமஸ் மலையை ஒட்டியே ஸ்போர் மலை. அங்கேயும் ஃபுளூரின் நிறைந்த எரிமலைச் சாம்பல்பாறை, பெரிலியமும் ஏராளம். ஆனால் பாறையெங்கும் நீர் பாய்ந்து மாறியதில் பெரிலியம் எல்லாம் பெர்ட்ரண்டைட் என்ற, கண்ணுக்கே தெரியாத நுண்துகள் கனிமமாகப் போய்விட்டது. ஒரு ரத்தினம்கூடத் தேறாது. ஆனால் உலகின் பெரிலியம் உலோகத்தில் பெரும்பங்கு அந்த மண்ணிலிருந்துதான் வருகிறது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடிகளுக்கான பெரிலியமும் யூட்டாவில் தோண்டியதே. நகைக்கல்லை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம், பொறியாளருக்குப் புதையல்.

இனி கல்லைக் கையில் எடுப்போம். பாறையோடு இருக்கும் மாதிரி என்றால், சாம்பலும் வெள்ளையுமாக, தொட்டால் லேசாகச் சொரசொரக்கும் ரையோலைட். அதில் பாதி புதைந்து ஒரு அறுகோணத் தூண். பக்கங்கள் நேர், உச்சி வெட்டிவைத்தது போல் தட்டை. பாறையிலிருந்து கழன்று வந்த படிகத்துக்கு இரண்டு முனைகளும் முழுதாக இருப்பதுண்டு, எல்லாப் பக்கமும் பாறைக்குள் வளர்ந்தது அல்லவா. விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் முதலில் விரிசல்கள் தெரியும். இறகு இறகாக, பல திசைகளில். நடுநடுவே கறுப்புப் புள்ளிகள், மாங்கனீசு அல்லது இரும்பு ஆக்சைடுத் துணுக்குகள். படிகம் வளர்ந்தபோது கரையாமல் மிச்சமிருந்த குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சில கற்களில் தெரியும். நிறமும் ஒரே சீராக இராது. பல படிகங்களில் நடுப்பகுதி ஆரஞ்சு கலந்த சிவப்பாகவும் ஓரம் ஊதா கலந்த சிவப்பாகவும் இருக்கும். நடு நிறம் இரண்டு முனைகளையும் நோக்கி அகன்று, பக்கவாட்டில் பார்த்தால் மணற்கடிகார வடிவில் தெரிவதும் உண்டு. கல்லைத் திருப்பிப் பார்த்தாலும் சாயல் மாறும்: ஒரு திசையில் ஊதாச் சிவப்பு, இன்னொரு திசையில் ஆரஞ்சுச் சிவப்பு. பட்டை தீட்டுபவர் எந்தச் சாயல் மேலே தெரிய வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். ஆனால் கல் இவ்வளவு சிறிதாக இருக்கும்போது பெரும்பாலும் எடையைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள், சாயல் அதற்குப் பிறகுதான்.

பாறைக்குள்ளேயே, பாறையைத் தின்று வளர்ந்த கல்லில் இத்தனை விரிசலும் துணுக்கும் இருப்பதில் ஆச்சரியமில்லை. திறந்த குகை போன்ற இடத்தில் நிதானமாக வளரும் அக்வாமரைன் கையளவு, சில சமயம் ஆளுயரம்கூட வரும், சுத்தமாகவும் இருக்கும். சிவப்பு பெரில் படிகங்களில் பெரும்பாலானவை ஒரு சென்டிமீட்டரைத் தொடுவதில்லை. அதில் விரிசலில்லாத பகுதியைத் தேடி வெட்டியெடுத்தால் கிடைப்பது காரட்டில் ஒரு சிறு பின்னம். ஒரு காரட்டைத் தாண்டிய சுத்தமான கல்லே அபூர்வம்; இரண்டு மூன்று காரட் என்றால் சேகரிப்பாளர்கள் போட்டி போடுவார்கள். அதனால்தான் நல்ல கல்லின் விலை காரட்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் என்று போகிறது. யாராவது ஐந்து, ஆறு காரட் பளிங்கு போன்ற கல்லை மலிவாக நீட்டினால் வேறு சோதனையே வேண்டாம், அளவே போதும் சந்தேகப்பட.

கடினத்தன்மை மோ அளவுகோலில் 7.5 முதல் 8. கீறல் எளிதில் விழாது. ஆனால் கடினத்தன்மை வேறு, உறுதி வேறு. உள்ளே விரிசல் உள்ள கல் இடித்தால் உடையும். எடை குறைவான கல் இது: ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது, 2.66 முதல் 2.70 வரை. ஒளிவிலகல் எண் (ஒளியைக் கல் எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) சுமார் 1.56-லிருந்து 1.58-க்குள். ஒளி கல்லுக்குள் இரண்டாகப் பிரியும்; அந்த இரண்டின் எண்களுக்கும் உள்ள வித்தியாசமான இரட்டை விலகல் 0.004 முதல் 0.008 வரை. புற ஊதா விளக்கின் கீழ் ஒளிராமல் சும்மா இருக்கும்.

மாணிக்கத்திலிருந்து பிரிப்பது உண்மையில் சுலபம். ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் ஒரு சொட்டு திரவம் வைத்து, கல்லின் தட்டை முகத்தை அதன் மேல் கவிழ்த்து வைத்தால், அளவுகோலில் வெளிச்சமும் நிழலும் பிரியும் கோடு தெரியும். சிவப்பு பெரிலுக்கு அது 1.57 பக்கத்தில் நிற்கும். கல்லை மெதுவாகச் சுழற்றினால் கோடு இரண்டாகி, மயிரிழை அளவு விலகி, மறுபடி சேரும். மாணிக்கத்துக்கு அந்தக் கோடு 1.76-க்கு மேலே போய்விடும். மாணிக்கத்தின் ஒப்படர்த்தி 4, கடினத்தன்மை 9. குரோமியம் உள்ள பல மாணிக்கங்கள் புற ஊதாவில் சிவப்பாக ஒளிரும். சிவப்பு ஸ்பினலும் கார்னெட்டும் 1.7-க்கு மேல், அவற்றுக்கு ஒற்றை விலகல்தான், சுழற்றினாலும் கோடு இரண்டாகாது. ரூபெலைட் என்கிற சிவப்பு டூர்மலின் 1.62-லிருந்து 1.64, அதில் கோடுகள் நன்றாக அகன்று விலகும். ஏமாற்றக்கூடியது ஒன்றுதான்: பெஸ்ஸோட்டைட். 2002-இல் மடகாஸ்கரில் கிடைத்தது, பெரிலின் நெருங்கிய உறவு, ராஸ்பெர்ரி நிறம். ஆரம்பத்தில் அதையும் ‘சிவப்பு பெரில்’ என்றே சிலர் விற்றார்கள். ஆனால் அது சீசியமும் லித்தியமும் உள்ள தனிக் கனிமம், பெக்மடைட்டில் பிறந்தது. ஒளிவிலகல் எண் 1.60-க்கு மேல், ஒப்படர்த்தி 3.1 அளவில். எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிக்கல் ஆய்வகக் கல்லோடுதான். அங்கே ஒளிவிலகல் எண்ணும் ஒப்படர்த்தியும் உதவாது. கனிமம் அதே பெரில். 1990-களின் நடுவில் ரஷ்யாவில் செயற்கைச் சிவப்பு பெரிலைச் செய்ய ஆரம்பித்தார்கள். முறை இது: கெட்டியான எஃகுக் கலனில் நீரும் மூலப்பொருளும் போட்டு, உயர் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்து, உள்ளே தொங்கவிட்ட பெரில் விதைத் தகட்டின் மேல் படிகம் வளரவிடுவது. நிறத்துக்குக் கோபால்ட்டும் மாங்கனீசும் சேர்த்தார்கள். கண்ணுக்கு அழகான கல்தான். பெரிய அளவில், விரிசலில்லாமல் கிடைக்கும். அதைச் செயற்கை என்று சொல்லி விற்றால் யாருக்கும் புகார் இல்லை.

இங்கே பிறப்பு மறுபடி கைகொடுக்கிறது. பெரிலின் உள்கட்டமைப்பில் சிலிக்கான் வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் நீளமான வெற்றுக் குழாய்கள் ஓடும். மரகதம், அக்வாமரைன் போன்றவை நீர் நிறைந்த சூழலில் வளர்வதால் அந்தக் குழாய்களில் நீர் மூலக்கூறுகள் மாட்டிக்கொண்டிருக்கும். யூட்டாக் கல் வளர்ந்ததோ சூடான, அழுத்தம் குறைந்த, ஆவி நிறைந்த பிளவில். அதன் குழாய்களில் நீர் கிட்டத்தட்ட இல்லை. ரஷ்யக் கல் நீருக்குள்ளேயே வளர்ந்தது. ஆகவே அகச்சிவப்பு நிறமாலை எடுத்தால் ஆய்வகக் கல்லில் நீருக்கான உச்சங்கள் பளிச்சென்று எழும்பும், இயற்கைக் கல்லில் அந்த இடம் ஏறக்குறைய அமைதியாக இருக்கும். பொதுவாக நீர் உள்ள பெரில்தான் இயற்கைக்கு இயல்பு என்று மரகதத்தில் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

அகச்சிவப்புக் கருவி இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. கையடக்க நிறமாலைமானியில் பார்த்தால் பச்சை, மஞ்சள் பகுதியில், 530-லிருந்து 590 நானோமீட்டர் வரை, கோபால்ட்டுக்கே உரிய கறுப்புப் பட்டைகள் தெரியும். இயற்கைக் கல்லில் அவை வராது. நுண்ணோக்கியில் பார்த்தால் செயற்கைக் கல்லில் கோணல்மாணலாக மடிந்த, அம்புக்குறி அடுக்கியது போன்ற வளர்ச்சிக் கோடுகள் இருக்கும்; இப்படிக் கலனில் நீருக்குள் வளர்த்த படிகங்களின் கையெழுத்து அது. இயற்கைக் கல்லின் கறுப்புத் துணுக்குகளும், பாறைத் துகளும், வளரும்போதே பாதி மூடிக்கொண்ட விரிசல்களும் அதில் காணக் கிடைக்காது. வேதியியல் பகுப்பாய்விலும் வேறுபாடு தெரியும். யூட்டாக் கல்லில் சீசியம், ருபிடியம், வெள்ளீயம், துத்தநாகம் போன்றவை தடயமாக இருக்கும். மாக்மாவில் கடைசிவரை ஒதுக்கப்பட்ட அதே கூட்டம்.

இயற்கைக் கல் என்று உறுதியான பிறகும் ஒரு கேள்வி பாக்கி: விரிசலை நிரப்பியிருக்கிறார்களா? மரகதத்தைப் போலவே இதிலும் எண்ணெயோ பிசினோ ஏற்றி விரிசலை மறைப்பது வழக்கம். இதில் தப்பு ஒன்றும் இல்லை, சொல்லிவிட்டு விற்றால் சரி. நுண்ணோக்கியில் கல்லைச் சாய்க்கும்போது விரிசலின் மேல் நீலம் அல்லது ஆரஞ்சு மின்னல் ஓடினால் பிசின் இருக்கலாம். அப்படிப்பட்ட கல்லை மீயொலித் தொட்டியிலோ நீராவியிலோ சுத்தம் செய்யவே கூடாது. இளஞ்சூட்டு நீர், மென்மையான சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். நகை பழுதுபார்க்கும்போது கல்லைக் கழற்றாமல் அருகில் தீ வைக்கவும் விடாதீர்கள். என்னைக் கேட்டால் இது தோடு, பதக்கத்துக்கான கல். மோதிரத்தில்தான் வேண்டும் என்றால், ஓரம் முழுக்க உலோகம் சூழ்ந்த மூடிய பதிப்பில் வையுங்கள்; நாலு கொக்கியில் நிற்கும் கல் எங்காவது ஒருமுறை கதவில் இடித்தால் கதை முடிந்தது.

சுரங்கத்தின் நிலை என்ன? 1970-களிலிருந்து ஒரு குடும்பம் சிறிய அளவில் தோண்டி வந்தது. 1994-இல் கென்னகாட் என்ற பெரிய சுரங்க நிறுவனம் குத்தகைக்கு எடுத்து, டன் கணக்கில் பாறையை உடைத்து மதிப்பிட்டுப் பார்த்தது. சில ஆண்டுகளில் விலகிக்கொண்டது. அதன் பிறகு வேறொரு நிறுவனம் முயன்று 2001-இல் நிறுத்தியது. அதற்குப் பிறகு பெரிய அளவில் தொடர்ச்சியான உற்பத்தி இல்லை. பாறையில் கல் சீராகப் பரவியிருந்தால் கணக்குப் போட்டு இயந்திரம் இறக்கலாம். இங்கே எந்தப் பிளவில் ஆவி போனது, எங்கே நீர் சேர்ந்தது என்பதைப் பொறுத்துக் கல் திடீரென்று இருக்கும், திடீரென்று காணாமல் போகும். பெரிய இயந்திரத்தில் போட்டு அரைத்தால் ஏற்கெனவே விரிசல் விட்ட படிகம் நொறுங்கும். கையால் எடுத்தால் கூலி கட்டாது.

இத்தனை வைரத்துக்கு ஒரு சிவப்பு பெரில் என்று ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை நான் பொருட்படுத்துவதில்லை. வைரம் பல கண்டங்களில், தொழிற்சாலை அளவில் தோண்டப்படுவது; இது ஒரு மலைச்சரிவில் விட்டுவிட்டுத் தோண்டப்பட்டது. இரண்டையும் எண்ணி வகுத்துக் கிடைக்கும் எண், பூமியில் எது எவ்வளவு இருக்கிறது என்பதைவிட யார் எவ்வளவு தோண்டினார்கள் என்பதைத்தான் காட்டும். அபூர்வத்துக்கு வேறு அத்தாட்சி தேவையே இல்லை. டோபாஸ் ரையோலைட் அமெரிக்க மேற்கிலும் மெக்சிகோவிலும் பல இடங்களில் இருக்கிறது, நூறாண்டுக்கு மேலாகத் தேடியும் பட்டை தீட்டும் கல் தந்தது வா வா மலை மட்டும்தான்.

ஆகவே நீங்கள் பார்த்த கல்லை வாங்க நினைத்தால், பெயர்பெற்ற ரத்தின ஆய்வகத்தின் அறிக்கையைக் கேளுங்கள். அதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: கனிமம் பெரில், நிறம் சிவப்பு என்ற வகைப்பாடு; இயற்கையா ஆய்வகமா; விரிசல் நிரப்பல் உண்டா, இருந்தால் எவ்வளவு. தனியாகப் பிறப்பிடச் சான்று வேண்டும் என்று அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பட்டை தீட்டிய கல் இயற்கையானது என்று உறுதியாகிவிட்டால், அது எங்கிருந்து வந்தது என்பது ஏறக்குறைய தெரிந்த விஷயம்தான்.